கெண்டைச்சதைக்கு வேலை கொடுங்கள்

ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்தவர் கால் கழுவிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். ஜவுளிக்கடையில் ஒரே கவுண்டருக்குப் பின்னால் நான்கு மணி நேரம் நின்றவருக்கோ கால் கடுக்கிறது, கணுக்கால் கனக்கிறது, இரவில் கெண்டைக்காலில் குரக்களி பிடிக்கிறது. அதிகம் உழைத்தவர் நடந்தவர்தானே? நின்றவருக்கு ஏன் இவ்வளவு வலி?

நடக்கும்போது கால்தசைகள் ஒரு முக்கியமான வேலையைச் செய்கின்றன. காலுக்கு வந்த இரத்தத்தை அவை மீண்டும் இதயத்துக்கு ஏற்றி அனுப்புகின்றன. அசையாமல் நிற்கும்போது அந்த வேலை நின்றுவிடுகிறது. நாளெல்லாம் நிற்பவர்களின் கால்தொல்லைகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஜவுளிக்கடை, நகைக்கடை விற்பனையாளர்கள், பரோட்டா மாஸ்டர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள், முடிதிருத்துநர்கள், போக்குவரத்துக் காவலர்கள் ஆகியோருக்காக இந்த அத்தியாயம் எழுதப்பட்டது. தையல் மெஷின் முன்னாலும் கணினி முன்னாலும் நாளைக் கழிப்பவர்களுக்கும் இதில் சொல்வதெல்லாம் பொருந்தும்.

கீழே போன இரத்தம் மேலே வரும் வழி

ஓய்வாக இருக்கும் பெரியவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அந்த உந்துதலில் தமனிகள் வழியாக இரத்தம் பாதம் வரை எளிதாகப் போய்ச் சேர்ந்துவிடும். திரும்பி வருவதுதான் கடினம். நுண்ணிய நாளங்களைக் கடந்து சிரைகளுக்குள் வரும்போது இதயம் கொடுத்த விசை பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். நிற்கும் மனிதருக்குக் கணுக்காலிலிருந்து இதயம் ஒரு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அவ்வளவு உயரம் அந்த இரத்தம் ஏற வேண்டும்.

அதை ஏற்றிவிடுவது கெண்டைச்சதை. முழங்காலுக்குக் கீழே பின்புறம் புடைத்துத் தெரிகிறதே, அதில் இரண்டு பெரிய தசைகள் உள்ளன. வெளி அடுக்கின் பெயர் காஸ்ட்ரோக்னீமியஸ், உள் அடுக்கின் பெயர் சோலியஸ். இரண்டும் கீழே ஒன்றாகக் கூடி, தடித்த குதிநாணாகிக் குதிகால் எலும்பில் இணைகின்றன. சோலியஸ் தசைக்குள் இரத்தம் தேங்கி நிற்கும் அகன்ற சிரைகள் உண்டு. குதிகாலைத் தூக்கும்போது தசை சுருங்கி அந்தச் சிரைகளைப் பிழிகிறது. ஒரே சுருக்கத்தில், கெண்டைக்காலில் தேங்கியிருந்த இரத்தத்தில் பாதிக்கும் மேல் மேலே போய்விடுகிறது. தசை தளரும்போது காலியான சிரைகள் கீழிருந்தும், தோலுக்கடியில் ஓடும் சிரைகளிலிருந்தும் புதிய இரத்தத்தை இழுத்துக்கொள்கின்றன. இதையே மருத்துவர்கள் ‘கெண்டைக்கால் பம்பு’ என்கிறார்கள்.

பிழிந்த இரத்தம் திரும்பக் கீழே இறங்காமல் தடுப்பவை சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள். கிணற்று மோட்டாரின் குழாய் அடியில் ஃபுட் வால்வு என்ன செய்கிறதோ அதையே இவையும் செய்கின்றன: மேலே போக வழிவிடும், கீழே வர விடாது.

இரத்த அழுத்தம் பார்க்கும்போது 120, 80 என்று சொல்கிறார்களே, அதே அளவில் கணுக்கால் சிரையின் அழுத்தத்தையும் சொல்லலாம். படுத்திருக்கும்போது அது சுமார் 10. அசையாமல் நிற்கும்போது 80 முதல் 90 வரை ஏறுகிறது. நடக்கத் தொடங்கிய சில அடிகளிலேயே 20, 30 என்று இறங்கிவிடுகிறது. நின்றவருக்கு வந்த கடுப்பு நடந்தவருக்கு ஏன் வரவில்லை என்பதற்கு இந்த எண்களே விடை.

வால்வை நீங்களே பார்க்கலாம்

சிரைகளுக்குள் வால்வுகள் இருப்பதை விளக்கி இத்தாலியின் பதுவா நகரில் ஃபாப்ரிசியஸ் 1603இல் நூல் வெளியிட்டார். அவை எதற்காக இருக்கின்றன என்பதை அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628இல் விளக்கினார். ஹார்வி காட்டிய சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம்.

கையைச் சிறிது நேரம் தொங்கவிடுங்கள். முன்கையில் புடைத்துத் தெரியும் நீளமான சிரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அந்தச் சிரையை அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கிச் சிரையை வழித்துவிட்டு, அந்த இரண்டாவது விரலை எடுங்கள். வழித்த பகுதியில் ஓரிடம் வரை சிரை தட்டையாகவே இருக்கும். மேலேயுள்ள இரத்தம் அந்த இடத்தைத் தாண்டிக் கீழே வராது. அங்கேதான் வால்வு இருக்கிறது. இப்போது மணிக்கட்டுப் பக்க விரலையும் எடுங்கள். சிரை கீழிருந்து சட்டென்று நிரம்பும். காலுக்குள்ளும் இதே ஏற்பாடுதான்.

பாதம் தொடங்கி வைக்கிறது

கெண்டைக்காலுக்கு முன்பே பாதம் வேலையைத் தொடங்கிவிடுகிறது. உள்ளங்காலின் தசைகளுக்கு இடையில் சிரைகள் அடர்ந்து ஓடுகின்றன. உடலின் எடை பாதத்தில் இறங்கும்போதும், பாதத்தின் சிறு தசைகள் சுருங்கும்போதும் அவை பிழியப்பட்டு இரத்தம் கெண்டைக்காலுக்கு ஏறுகிறது. ஒரு முறை ஏறும் அளவு சிறிதுதான். ஆனால் நடையில் அது அடிதோறும் நடக்கிறது. பாதம் நிரப்பித் தர, கெண்டைச்சதை அதை மேலே அனுப்புகிறது.

இரண்டுக்கும் நடுவில் கணுக்கால் இருக்கிறது. அது நன்றாக மடங்கி விரிந்தால்தான் கெண்டைச்சதை முழுமையாக நீண்டு சுருங்க முடியும். எலும்பு முறிவுக்குப் பின் இறுகிப்போன கணுக்கால், வலிக்குப் பயந்து பாதத்தை இழுத்து இழுத்து நடப்பது, எப்போதும் உயரமான ஹீல்ஸ் அணிவது என எதுவாக இருந்தாலும் பம்பின் வீச்சு குறைகிறது. அதனால்தான் பின்னால் வரும் பயிற்சிகளில் பாதம், கணுக்கால், கெண்டைச்சதை மூன்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறோம்.

உட்கார்ந்தால் மட்டும் போதாது

நிற்பதுதான் கெடுதல் என்றால் உட்கார்ந்துவிட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். உட்காரும்போது கணுக்கால் சிரையின் அழுத்தம் குறைவது உண்மை. கால் ஓய்வு பெறுவதும் உண்மை. ஆனால் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பம்பு அப்போதும் ஓடுவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டுகள் விழுந்தபோது மக்கள் பாதுகாப்பிடங்களில் இரவு முழுவதும் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். அங்கிருந்தவர்களில் சிலர் திடீரென்று இறந்தார்கள். காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்ததால் நேர்ந்த அந்த மரணங்களைப் பற்றித் தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் 1940இல் எழுதினார். நாற்காலியின் விளிம்பு தொடையை அழுத்தியதும், கால்கள் மணிக்கணக்கில் அசையாமல் தொங்கியதும் அதற்கு வழிசெய்தன.

நீண்ட பயணமும் இதே வகைதான். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்வோருக்குச் சிரையில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் தெரிவித்தது. விமானத்துக்கு மட்டுமல்ல, பேருந்து, ரயில், கார் பயணங்களுக்கும் இது பொருந்தும். ஆரோக்கியமானவருக்கு அந்த வாய்ப்பு மிகச் சிறியது என்பதால் பயப்படத் தேவையில்லை. காலை அசைத்துக்கொண்டே இருக்கும் பழக்கம் மட்டும் தேவை.

பம்பு ஓடாவிட்டால்

தேங்கிய இரத்தத்தின் அழுத்தத்தால் நுண்ணிய நாளங்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களில் சேர்கிறது. மாலையில் செருப்பு இறுக்குவதும், சாக்ஸ் கழற்றினால் கோடு பதிந்திருப்பதும் இதனால்தான். இந்த வீக்கம் இரவில் படுத்து எழுந்தால் வடிந்துவிடும்.

இதே நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சிரைகள் விரிந்துகொடுக்கின்றன. விரிந்த சிரைக்குள் வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரத்தம் கீழே வழிகிறது. தோலுக்கடியில் நீலமாக, நெளிநெளியாகப் புடைக்கும் வெரிகோஸ் வெயின் இப்படித்தான் உண்டாகிறது. குடும்ப வாகு, கர்ப்பம், உடல் பருமன், வயது ஆகியவையும் அதற்குக் காரணங்கள். அதையும் கவனிக்காமல் விட்டால் கணுக்காலின் உட்புறத் தோல் கருத்து, அரித்து, தடித்துப்போகும். சிறு கீறல்கூட ஆறாத புண்ணாக மாறும். அந்த நிலைக்கு வந்தவர்களுக்கு மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படுகிறது. நின்று வேலை செய்தே குடும்பத்தைக் காப்பாற்றுபவருக்கு அது பெரிய இழப்பு. அதனால்தான் மாலை வீக்கமாக இருக்கும்போதே கவனியுங்கள் என்று வற்புறுத்துகிறோம்.

உங்கள் காலைச் சோதியுங்கள்

வாரத்தில் ஒரு நாள், வேலை முடிந்து வந்ததும் இவற்றைப் பாருங்கள்.

• கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் 10 விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அங்கே நீர் சேர்ந்திருக்கிறது.

• இரண்டு கெண்டைக்கால்களையும் அளவு டேப்பால் ஒரே உயரத்தில் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். அடுத்த வாரங்களில் ஒரு கால் மட்டும் பெருத்தால் உடனே தெரிந்துவிடும்.

• நின்றபடியே கணுக்காலின் உட்புறத்தையும் முழங்காலின் பின்புறத்தையும் கண்ணாடியில் பாருங்கள். புடைத்த சிரை, கருமை, அரிப்பு இருக்கிறதா?

• சுவரில் விரல்நுனியை ஊன்றி, இரண்டு குதிகால்களையும் 20 முறை தூக்கி இறக்குங்கள். உயரம் குறையாமல் முடிகிறதா? பாதியில் கால் நடுங்கினால் கெண்டைச்சதைக்குப் பயிற்சி தேவை.

ஐந்து பயிற்சிகள்

1. கணுக்கால் அசைவு. படுத்தோ உட்கார்ந்தோ செய்யலாம். பாதத்தை முகத்தை நோக்கி முடிந்தவரை மடக்கி, பிறகு விரல்நுனி தரையைப் பார்க்கும்படி நீட்டுங்கள். 20 முறை. அவசரம் வேண்டாம், இரண்டு முனைகளிலும் ஒரு விநாடி நிறுத்துங்கள்.

2. உட்கார்ந்து குதிகால் தூக்குதல். முழங்காலை மடக்கி ஸ்டூலில் உட்காருங்கள். விரல்கள் தரையில் ஊன்றியிருக்க, குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். 20 முறை. முழங்கால் மடங்கியிருக்கும்போது வேலையின் பெரும்பகுதி சோலியஸ் தசைக்குப் போகிறது. எளிதில் களைக்காத தசை அது. அலுவலக நாற்காலியிலும் பேருந்து இருக்கையிலும் இதைத் தொடர்ந்து செய்யலாம்.

3. நின்று குதிகால் தூக்குதல். முழங்காலை நேராக வைத்து, கவுண்டரை லேசாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு விநாடியில் உயர்ந்து மூன்று விநாடியில் இறங்குங்கள். 10 முதல் 15 முறை. இதில் வெளி அடுக்குத் தசையும் சேர்ந்து உழைக்கும். சில வாரங்களில் எளிதாகிவிட்டால் இரண்டு காலில் ஏறி ஒற்றைக் காலில் இறங்கிப் பழகுங்கள்.

4. உள்ளங்காலைக் குவித்தல். விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிப்பகுதியைக் குதிகால் பக்கமாக இழுப்பதுபோல் உள்ளங்கால் வளைவை உயர்த்துங்கள். 5 விநாடி நிறுத்தி விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. முதல் சில நாள் தசை பிடிபடாது. அதுவரை, தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டி இழுத்துப் பழகலாம்.

5. சுவரில் சாய்ந்து நீட்டல். இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வையுங்கள். பின்குதிகால் தரையிலேயே இருக்க, முன்முழங்காலை மடக்குங்கள். பின்காலின் கெண்டைச்சதை இழுபடுவது தெரியும். 30 விநாடி. பிறகு பின்முழங்காலையும் சற்று மடக்கி இன்னொரு 30 விநாடி. கால் மாற்றிச் செய்யுங்கள்.

எந்தப் பயிற்சியிலும் தசை இழுபடலாம், களைக்கலாம். சுருக்கென்று குத்தும் வலி மட்டும் வரக்கூடாது. வந்தால் நிறுத்துங்கள்.

கடை நேரத்துக்குள் எப்படிச் செய்வது?

காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு பத்து மணி நேரம் சிலையாக நின்றால், அந்தப் பத்து மணி நேரமும் கணுக்காலில் அழுத்தம் ஏறியபடியே இருக்கும். நடைப்பயிற்சி தசைக்கு வலுவூட்டுகிறது, அதை விட வேண்டாம். ஆனால் நாள் முழுவதும் தூவிய சிறு அசைவுகளுக்கு அது ஈடாகாது.

படுக்கையை விட்டு இறங்கும் முன் முதல் பயிற்சியை முடித்துவிடுங்கள். கடையில் வாடிக்கையாளர் புடவையை விரித்துப் பார்த்து யோசிக்கும் நேரம் உங்களுக்கான நேரம்: பத்து முறை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், கவுண்டருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது. கூட்டம் இல்லாதபோது அரைமணிக்கு ஒரு முறை அலமாரி வரை நடந்து வாருங்கள். நிற்கும்போது ஒரு காலைச் சிறு பலகை மேல் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை கால் மாற்றுங்கள். முழங்காலைப் பூட்டியதுபோல் விறைப்பாக நிற்காதீர்கள்.

தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கத் தயங்கி, பல பெண்கள் கடையில் தண்ணீரே குடிப்பதில்லை. உடலில் நீர் வற்றினால் இரத்தம் எளிதில் உறையும். சிறுநீர்த் தொற்றும் வரும். எழுந்து போய் வரும் அந்த நடையும் காலுக்கு நல்லது.

மதிய உணவு முடிந்ததும் காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிவைத்து 10 நிமிடம் இருங்கள். இரவு வீடு வந்ததும் தரையிலோ கட்டிலிலோ படுத்து, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணைகளை அடுக்கிப் பாதத்தை இதயத்தைவிட உயரமாக 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். அப்படியே கணுக்காலை அசைத்தால் வீக்கம் இன்னும் விரைவாக வடியும். இதயநோய் உள்ளவர்களும், படுத்தால் மூச்சு வாங்குபவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

சாக்ஸும் செருப்பும்

மருந்துக்கடையில் வெரிகோஸ் சாக்ஸ் என்று கேட்டு வாங்கும் அழுத்தக் காலுறை, கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தும். விரிந்த சிரையைச் சுருக்கி, தசையின் பிழிதலுக்குத் துணைசெய்யும். காலையில் வீக்கம் ஏறும் முன்பே அணிந்து, இரவு கழற்றிவிட வேண்டும். காலை அளந்துதான் வாங்க வேண்டும். மேல்விளிம்பு சுருண்டு இறுக்கினால் கெடுதலே நேரும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும், புகைபிடித்துத் தமனி சுருங்கியவர்களும் தாமாக அணியக்கூடாது. காலுக்கு வரும் இரத்தமே குறைவாக இருக்கும்போது அழுத்துவது ஆபத்து. மருத்துவர் பாதத்தின் நாடியைச் சோதித்துச் சொல்வார்.

செருப்பு தட்டையாகவும், குதிகாலைப் பிடித்து நிற்பதாகவும் இருக்கட்டும். கடைக்குள் வெறுங்காலோடு நிற்க வேண்டியிருந்தால் நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு போடச் சொல்லிக் கேளுங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டியவை

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைச்சதை வலித்து, சூடாகவோ சிவந்தோ இருந்தால் அது உள்சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள், பயிற்சியும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108ஐ அழையுங்கள். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், பிரசவமான பெண்கள், கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

புடைத்த சிரை உடைந்து இரத்தம் கொட்டினால் உடனே படுத்துவிடுங்கள். காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்துங்கள். நின்றுகொண்டே கட்டுப்போட முயன்றால் இரத்தம் நிற்காது. நின்ற பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி விடுகிறது என்றால் தமனி அடைப்பாக இருக்கலாம். இரண்டு கால்களும் காலையிலும் வடியாமல் வீங்கியிருந்தால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், உட்கொள்ளும் மாத்திரை என வேறு காரணங்களைத் தேட வேண்டும். யானைக்கால் நோயிலும் கால் வீங்கும். இவற்றையெல்லாம் நின்ற வலி என்று நினைத்து நாள் கடத்தாதீர்கள். வெரிகோஸ் வெயினுக்கு டாப்ளர் ஸ்கேன் மூலம் எந்த வால்வு பழுதாகியிருக்கிறது என்று கண்டறிந்து சிகிச்சை தருவார்கள்.

முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும்

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்க்கும் நேரங்களில் உட்கார, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தருவது நிர்வாகத்தின் கடமை. எனவே ஊழியர் நாற்காலி கேட்பது சலுகை கேட்பதாகாது.

அந்த இருக்கையை மூலையில் போட்டுவிட்டு, உட்காருபவரை முறைத்துப் பார்த்தால் பயனில்லை. கவுண்டருக்கு அருகிலேயே ஸ்டூல் இருக்கட்டும். உட்கார்வது, நிற்பது, நடப்பது என்று மாறி மாறி வரும்படி வேலையைப் பிரித்துக் கொடுங்கள். மணிக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் நடந்து வர விடுங்கள். கால்வலி இல்லாத ஊழியர் சாயங்காலக் கூட்டத்தையும் முகம் சுளிக்காமல் கவனிப்பார்.

ஊழியர்களே, நாளைக் காலை கடை திறந்ததும் பத்து முறை குதிகாலைத் தூக்கி இறக்கிவிட்டு முதல் புடவையைப் பிரியுங்கள். பக்கத்துக் கவுண்டரில் நிற்பவருக்கும் சொல்லிக்கொடுங்கள். இருவர் சேர்ந்து செய்தால் பழக்கம் விடாமல் நிலைக்கும்.